பெரியம்மா வீட்டு ஹார்டு டிஸ்க்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், என் முட்டிவலிகூட இப்போது பரவாயில்லை, பட்டறைக் கம்ப்யூட்டர் ஒன்றுதான் செத்துப் பதினெட்டு நாளாகிறது. போனில் சொல்லாமல் இவள் ஏன் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் இரண்டாவது வரியிலேயே நீ, அம்மா நான் அப்பவே சொன்னேன்ல என்று ஆரம்பிப்பாய், நான் பட்டென்று வைத்துவிடுவேன், அப்புறம் இரண்டு பேரும் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்போம். தாளில் நீ குறுக்கே பேச முடியாது. கடைசி வரை படி, நடுவில் எழுந்து போகாதே, நான் சொல்ல வந்ததே கடைசியில்தான் இருக்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பட்டறையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டால் கறுப்புத் திரை, அதில் வெள்ளையாக ஒரு கோடு, அவ்வளவுதான். ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அந்த ஆள் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, உள்ளே இருக்கிற டிஸ்க் போயிடுச்சும்மா, பேக்கப் வச்சிருக்கீங்கல்ல என்று சாதாரணமாகக் கேட்டார். உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, பதினொரு வருஷமாக வளைந்த கால், வீங்கிய கால், விரல் போன கால் என்று நான் அளவெடுத்துச் செருப்புச் செய்து கொடுத்த நானூற்றுச் சொச்சம் பேரும் அதற்குள்தான் இருக்கிறார்கள். காலின் ஸ்கேன் படம் போனால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு படத்துக்கும் கீழே நான் எழுதி வைத்த குறிப்பை எங்கே போய் எடுப்பது. அந்தத் தபால்காரரையே எடுத்துக்கொள், சர்க்கரை வியாதியில் பாதம் மரத்துப்போனவர், செருப்பு எங்கே அழுத்துகிறது என்று அவருக்கே தெரியாது. நாலு தடவை பிரித்துத் தைத்து, நடுவில் ஒரு புண் வந்து ஆறி, ஐந்தாவது ஜோடியில்தான் எந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் விட வேண்டும் என்று கண்டுபிடித்தேன். அது அவர் காலுக்கும் தெரியாது, எனக்கும் மனப்பாடம் இல்லை. அந்த ஜோடி தேய்ந்துபோய் இந்த மாதம் புதிது கேட்டு வந்து நிற்கிறார். பழையதைப் பார்த்துச் செய்யலாமே என்பாய், அதைத்தான் மிதித்து உருக்குலைத்து வைத்திருக்கிறாரே. ஒரு மில்லிமீட்டர் தப்பினால் திரும்பப் புண் வரும், இந்தத் தடவை அது ஆறுமா என்று டாக்டருக்கே சந்தேகம்.

பேக்கப் இருக்கிறது, வீட்டில் என் மகன் வாங்கிக் கொடுத்த டிஸ்க் இருக்கிறது என்று ரிப்பேர்காரரிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்தேன். இப்போது உன் அப்பா செய்த காரியத்தைக் கேள். நீ வாங்கிக் கொடுத்த டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று அவராகவே முடிவு செய்து, ஆன்லைனில் என்னவோ ஒரு டிஸ்க் வாங்கியிருக்கிறார். உள்ளங்கை அளவுதான் இருக்கிறது, பதினாறு டெராபைட்டாம், விலையைக் கேட்டால் ஒரு ஜோடி ரப்பர் செருப்பின் விலை. இவ்வளவு மலிவாகக் கொடுக்க அவன் என்ன நமக்கு மாமனா மச்சானா என்று யோசிக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. முதலில் தன்னுடைய பழைய சினிமாப் படங்களை எல்லாம் அதில் ஏற்றினார், அப்புறம் போனால் போகிறதென்று என்னுடைய கால்களை ஏற்றினார், இரண்டு படத்தைப் போட்டுப் பார்த்து நன்றாக ஓடுகிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டு, நீ கொடுத்த நல்ல டிஸ்க்கைச் சுத்தமாக அழித்து டிவியில் மாட்டிக்கொண்டார். உண்மையில் அதில் அரை டெராபைட்கூட இல்லையாம், நிரம்பிய பிறகு போடுவதை எல்லாம் வாங்கிக்கொண்ட மாதிரி நடிக்குமாம். நான் திறந்து பார்த்தேன், நானூறு பேரின் பெயரும் வரிசையாக இருக்கிறது, எதை அமுக்கினாலும் உள்ளே ஒன்றுமில்லை. அவருடைய படங்கள் மட்டும் அத்தனையும் ஓடுகின்றன. நான் அங்கேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன், அவர் பின்னால் நின்று, பேரெல்லாம் இருக்கே, அப்புறம் என்ன என்கிறார். நாலு நாள் அவரோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் பேசினேன், பேசாமலே இருந்திருக்கலாம் என்று அவர் நினைக்கும்படி பேசினேன்.

மிச்சம் இருந்தது பெரியம்மா வீட்டில் இருக்கும் டிஸ்க் ஒன்றுதான். இதுவும் உன் யோசனைதான். ஒரு பிரதி எப்போதும் வேறு வீட்டில் இருக்க வேண்டும், தீப்பிடித்தாலும் தண்ணீர் புகுந்தாலும் அது பிழைக்கும் என்று நீதானே கடைசியாக வந்தபோது எனக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே மாதிரி இன்னும் இரண்டு டிஸ்க் வாங்கி, என்னுடையதை அவளிடமும் அவள் கல்லூரியில் நடத்தும் தாவரவியல் பாடத்துக்காகச் சேர்த்து வைத்த இலைப் படங்கள் இருப்பதை என்னிடமும் கொடுத்தாய். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்றி எடுத்துப் புதியதை ஏற்றி, திறந்து பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுக்க வேண்டும், சும்மாவே கிடந்தால் கெட்டுப்போகும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்வது போல இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னாய். எல்லாம் சொன்னாய், அக்காவும் தங்கையும் சண்டை போட்டுக்கொண்டால் என்ன செய்வது என்று மட்டும் சொல்லாமல் போய்விட்டாய். நீ ஊருக்குக் கிளம்பும் முன் வைத்த அந்த விருந்தில் நடந்தது உனக்குத் தெரியும். நான் மூன்று வாரம் உட்கார்ந்து செய்து கொடுத்ததைப் போடாமல் கடைச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள், ஏன்க்கா என்று கேட்டதற்கு, அத்தனை பேர் முன்னால், நீ செய்றது ஆஸ்பத்திரிச் செருப்பு மாதிரி இருக்குடி என்றாள். இனிமே கால் வலிக்குதுன்னு என் வாசலுக்கு வராதே என்று நானும் சொன்னேன். அவள் வரவில்லை. நானும் போகவில்லை. இரண்டு வருஷம். அவள் டிஸ்க் என் அலமாரியில் போர்வைக்கு அடியில், என் டிஸ்க் அவள் வீட்டில் எங்கேயோ.

இப்போது தபால்காரர் காலா என் வீம்பா என்று ஆகிவிட்டது. ஒரு நாள் முழுக்க யோசித்தேன். வெறுங்கையோடு போய் என் டிஸ்க்கைக் கொடு என்று எப்படிக் கேட்பது, அவளுடையதையும் கொண்டுபோய் நீட்டிவிட்டு வாங்கிவரலாம் என்று அலமாரியிலிருந்து எடுத்தேன். எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று அப்பாவின் லேப்டாப்பில் மாட்டினேன். டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம், அப்புறம் அதுவும் இல்லை. கேபிளை மாற்றினேன், வேறு ஓட்டையில் செருகினேன், காதருகே வைத்துக் கேட்டேன். இரண்டு வருஷம் போர்வைக்கு அடியில் போட்டு வைத்து, அவள் மேல் இருந்த கோபத்தில் ஒரு தடவைகூட நான் அதைத் தொடவில்லை. அப்படியே பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பெரியம்மா கதவைத் திறந்தாள், என்னைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். காலில் அதே கடைச் செருப்பு. டிஸ்க்கா என்றாள். ஆமாம் என்றேன். உள்ளே போனவள் ஒரு நிமிஷத்தில் திரும்பி வந்தாள், தேடவேயில்லை, துணி உறையில் போட்டு வாய் கட்டி வைத்திருந்தாள். கையில் கொடுத்துவிட்டு, என்னோடது நல்லா இருக்கா என்று கேட்டாள். நல்லா இருக்கு, நல்லா இருக்கு, அடுத்த தடவை எடுத்துட்டு வர்றேன் என்று சொல்லிவிட்டு, பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படி இறங்கிவிட்டேன். பெற்ற பிள்ளையிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, இந்த வயதில் அக்காவிடம் பொய் சொல்லிவிட்டு ஓடி வந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்தால் டிஸ்க்கோடு நாலாய் மடித்த ஒரு தாள். உன் பெரியம்மாவின் கையெழுத்து, பாடம் நடத்துகிறவள் ஆயிற்றே, கோடு போட்டு எழுதியிருந்தாள். எட்டுத் தேதிகள். மூன்று மாதத்துக்கு ஒன்று, ஒன்றுகூடத் தப்பவில்லை. முதல் தேதி விருந்து நடந்ததற்கு மறுநாள். ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில், திறந்து பார்த்த கோப்பு: என் கால், சரி என்று எழுதியிருக்கிறது. எட்டுத் தடவையும் அவளுடைய கால்தான். மற்றவர்கள் காலைத் திறந்து பார்ப்பது மரியாதை இல்லை என்று நினைத்திருப்பாள். டிஸ்க்கை மாட்டினேன், உடனே திறந்தது, தபால்காரர் இருந்தார், எல்லாரும் இருந்தார்கள். அப்புறம் அவளுடையதைத் திறந்தேன். படத்துக்குக் கீழே நான் என்றைக்கோ எழுதி வைத்த குறிப்பு இருந்தது. வலது சுண்டுவிரல் பக்கம் இடம் விட வேண்டும், வலித்தாலும் வாய் திறந்து சொல்ல மாட்டாள், நாம்தான் கேட்க வேண்டும். நான் எழுதியதுதான்டா, எனக்கே மறந்துபோயிருந்தது. இதை அவள் எட்டுத் தடவை படித்திருக்கிறாள், நான் ஒரு தடவைகூடப் போய்க் கேட்கவில்லை. அப்பா வந்து என்னாச்சு, தொறக்கலையா என்று கேட்டார், தொறந்துருச்சு, போங்க என்று எரிந்து விழுந்தேன்.

அந்த டிஸ்க்கில் இல்லாதது கடைசி இரண்டு வருஷம். நானும் அக்காவும் பேசாமல் இருந்த நாள் எவ்வளவோ அவ்வளவும் போய்விட்டது, ஒரு வாரம்கூடக் குறையவில்லை. அறுபத்துமூன்று பேரைத் திரும்பக் கூப்பிட்டு, உங்கள் காலை நான் தொலைத்துவிட்டேன், மறுபடி காட்டுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாதிப் பேர் சிரிக்கிறார்கள், ஒருவர் கத்தினார், வாங்கிக்கொண்டேன். நேற்றுக் கடைக்குப் போய்ப் புதிதாக இரண்டு டிஸ்க் வாங்கினேன், ஒன்று எனக்கு, ஒன்று பெரியம்மாவுக்கு. அங்கே இருந்த விற்பனையாளர் சிவப்பா நீலமா என்று நிறத்தையே கேட்டுக்கொண்டிருந்தார், நான் காலுக்கு அளவு கேட்கிறேன் நீங்கள் நாடாவைக் காட்டுகிறீர்களே என்றேன், பாவம் விழித்தார். நீ அப்போது அனுப்பிய பழைய மெயிலைப் பார்த்துத்தான் கேட்டேன். எங்களிடம் இருப்பதைப் போல இரண்டு மடங்கு பிடித்தால் போதும், பில் வேண்டும், கேபிள் நம் கம்ப்யூட்டரில் பொருந்த வேண்டும் என்று. உன் மெயில் மட்டும் என்ன ஒழுங்கு? உள்ளே தட்டு சுற்றுகிற வகை கீழே விழுந்தால் போச்சு என்கிறாய், சுற்றாத வகை மின்சாரமே இல்லாமல் வருஷக்கணக்கில் கிடந்தால் போச்சு என்கிறாய், எதை வாங்கினாலும் போச்சு என்றால் எதைத்தான்டா வாங்குவது? கடைசியில் சுற்றுகிறதையே வாங்கி, பட்டறையில் மிச்சமிருந்த மெத்தைத் தோலில் இரண்டுக்கும் உறை தைத்துவிட்டேன், விழுந்தாலும் அடிபடாது. வாங்கின அன்றே முழுக்க ஏற்றி, நடுவில் இருந்து நாலு, கடைசியில் இருந்து நாலு என்று திறந்து பார்த்துவிட்டேன். அப்பாவை அந்தப் பக்கமே விடவில்லை. தபால்காரருக்கு நேற்றே தோல் வெட்டியாகிவிட்டது.

பெரியம்மாவின் இலைகள் அவள் கம்ப்யூட்டரில் பத்திரமாகத்தான் இருக்கும், அதனால் பெரிய நஷ்டம் இல்லை என்று நீ சமாதானம் சொல்வாய், சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை செத்த டிஸ்க்கையும் புதியதையும் எடுத்துக்கொண்டு நானே நேரில் போய்ச் சொல்லப்போகிறேன். அதற்குள் நீ அவளோடு பேச நேர்ந்தால் வாயைத் திறக்காதே. அப்பாவுக்கும் போன் செய்து பாடம் எடுக்காதே, நான் எடுத்தது போதும். உன் இடுப்புவலிக்கு நாற்காலியை மாற்று என்று போன கடிதத்திலேயே சொன்னேன், மாற்றினாயா இல்லையா? மருமகளை அவள் அம்மாவோடு வாரம் ஒரு தடவையாவது பேசச் சொல். இருவரும் நோய்நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, நூறு வருஷம் நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதுதான் அப்பாவும் நானும் வேண்டிக்கொள்வது. இந்தக் கடிதத்தை வைத்துவிட்டு, நீ உன் டிஸ்க்கைக் கடைசியாக என்றைக்குத் திறந்து பார்த்தாய் என்று ஒரு தடவை யோசி. ஊருக்கெல்லாம் சொல்கிறவன் வீட்டில்தான் இது நடக்கும்.

என்றும் உன் அன்புள்ள
அம்மா

பி.கு.: உறையை ஒட்டும் முன்பே மனசு கேட்கவில்லை, ஞாயிறு வரை பொறுக்க முடியாமல் பெரியம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்புறம், நீ நல்லா இருக்குன்னு ரெண்டு தடவை சொன்னப்பவே எனக்குத் தெரியும்டி என்றாள். நான் அழுதுவிட்டேன். அழுதது போதும், ஞாயித்துக்கிழமை வரும்போது அளவு டேப்பையும் எடுத்துட்டு வா, அதுல இருக்கிற என் கால் பழசு, இப்போ வேற இடத்துல வலிக்குது என்றாள்.