கோல் வாசல் மொட்டை

07.01.2025, செவ்வாய்
மாங்குளம் கடையில் இன்று மூன்று போன் திருத்தினேன். வீட்டுக்கு வந்தால் மகள் யதுர்ஷிகா முழங்காலை உரித்துக்கொண்டு நிற்கிறாள். மறுபடியும் றோட்டுக் கரையில் பந்து. மணல் டிப்பர் ஓடுகிற றோட்டு அது! கத்திவிட்டேன்.
"றோட்டை விட்டா நாங்கள் பிள்ளையள் எங்க விளையாடுறது, அப்பா?"
நாங்கள் விளையாடிய மைதானம் இன்று பற்றைக்காடு.

09.01.2025, வியாழன்
சின்னராசா அண்ணை கடைக்கு வந்தார். எங்கள் உதைபந்துக் கழகத்தின் அந்நாள் கப்டன், இந்நாள் தலைவர். பற்றையை வெட்டி மைதானத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம் என்று பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பித்திருந்தார். அங்கே நெல் களஞ்சியம் வரப்போகிறதாம். அது மைதானம் என்பதற்குப் பதிவே இல்லையாம். இருபதாம் திகதி ஆதாரத்தோடு வரட்டாம்.
"என்னத்தைக் காட்டுறது? கழகப் புத்தகம், கோப்பை, படம், எல்லாம் இடப்பெயர்வில போயிட்டுது. எங்களிட்டப் போய்ப் பழைய கடதாசி கேக்கினம்!" என்றார்.

12.01.2025, ஞாயிறு
காலையில் கூகிள் எர்த்தைத் திறந்தேன். அதில் செய்மதிப் படங்களை வருடம் வருடமாகப் பின்னுக்கு இழுக்கலாம். 2024, பற்றை. 2015, பற்றை. 2009 – நிற்காமல் கடந்தேன். 2006 மாசி – பச்சைப் புல்வெளி! வடக்கே சின்னதாய், புல் தேய்ந்த ஒரு மண் மொட்டை. தெற்கே பெரிதாய் இன்னொன்று. கோல் வாசல்கள்!
தெற்கு மட்டும் ஏன் இவ்வளவு பெரிது? ஐயோ, அது நான் கோல் கீப்பராய் நின்ற இடம். அங்கேதான் பாலைமர நிழல் விழும். பயிற்சிக்கு வேறு பக்கம் போகவே மாட்டேன்.
மனைவி பிரேமிளாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். படத்தைப் பார்த்தாள், என் தலையைப் பார்த்தாள்.
"உங்கட மொட்டை அப்பவே தொடங்கிட்டுது போல."
நாள் முழுக்கச் சிரிப்பு.

20.01.2025, திங்கள்
நானும் அண்ணையும் செயலகக் கந்தோருக்குப் போனோம். காணி உத்தியோகத்தர் அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தா.
"இது மாடு கட்டின இடமாவும் இருக்கலாம் தானே?"
அண்ணை என் தோளைப் பிடித்து முன்னே தள்ளினார்.
"மாடில்லை மிஸ், இந்தா நிக்கிறார். ஐஞ்சு வருசம் கோல் கீப்பர். அந்த இடத்தை விட்டு அசையேல்லை. பந்து வந்தாலும் அசையேல்லை."
கந்தோர் முழுக்கச் சிரித்தது. அவாவும்தான். பிறகு இரண்டு மொட்டைக்கும் இடையே திரையில் அளக்கச் சொன்னா. தொண்ணூற்றெட்டு மீற்றர், உதைபந்து மைதானத்தின் அளவேதான். எழுதிக்கொண்டா.
"நேரில வந்து பாக்கிறன்."

29.01.2025, புதன்
உத்தியோகத்தர் அம்மா வந்தா. போன் காட்டிய புள்ளியில் பற்றையை வெட்டினோம். முட்கீறலில் கையெல்லாம் இரத்தம். அரை மணித்தியாலத்தில் என் கோல் கம்பத்தின் அடிக்கட்டை! அதைத் தொட்டுக்கொண்டு குந்தியிருந்தேன். அண்ணைதான் அழுதார்.

10.02.2025, திங்கள்
கடிதம் வந்தது. களஞ்சியத்துக்கு வேறு காணி. மைதானம் பிள்ளைகளுக்கு! கடைக்கு வந்த எல்லோருக்கும் என் செலவில் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தேன்.

16.02.2025, ஞாயிறு
சிரமதானம், ஊரே சேர்ந்து மைதானத்துப் பற்றையை வெட்டினோம். முதுகு என்னுடையதில்லை. எழுத ஏலாது.

02.03.2025, ஞாயிறு
முதல் ஆட்டம், அப்பாமார் எதிர் மகள்மார். ஆளுக்கொரு கோல், சமநிலை. கடைசியில் ஒரு பெனால்டி. பந்தை வைத்தது யதுர்ஷிகா. தெற்கு வாசலில் நான்.
கரையிலிருந்து அண்ணை கத்தினார்: "டேய் ஜனா, இண்டைக்காவது அசையடா!"
அசைந்தேன். இடப்பக்கம் பாய்ந்து விழுந்தேன். பந்து நேராக நடுவில் வந்தது. ஐந்து வருடம் நின்ற அதே இடத்தில் நின்றிருந்தால் நெஞ்சில் பட்டுத் திரும்பியிருக்கும்!
புழுதியில் கிடந்தபடி, மகள் கைகளை விரித்து ஓடுவதைப் பார்த்தேன். தோற்றதில் இவ்வளவு சந்தோசம் எனக்கு வந்ததே இல்லை.

04.05.2025, ஞாயிறு
சித்திரை மழைக்கு மைதானம் முழுக்கப் புல். கோல் வாசல் இரண்டிலும் மட்டும் மண் தெரிகிறது. புல் கொண்டுவந்து நட வேண்டும் என்றார் அண்ணை.
"விடுங்கோ அண்ணை," என்றேன். "மேலயிருந்து தெரியட்டும்."