தெரிந்திருந்த பதினெட்டு நாள்

மார்ச் 2

அன்புள்ள சின்னவனுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் என்றால் நான் ஒருத்திதான். இடுப்பைத் தவிர மற்றபடி நன்றாக இருக்கிறேன். நீயும் உன் பெண்டாட்டியும் வாண்டும் சுகம்தானே?

பங்குச்சந்தை ஆணையத்தில் அந்தக் கண்காணிப்புப் பிரிவுக்கு நீ மாறியதிலிருந்து உன்னோடு போனில் பேசவே பிடிக்கவில்லை. உங்கள் பேச்சையெல்லாம் பதிவு செய்கிறார்கள் என்று என்றைக்குச் சொன்னாயோ, அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். என் இடுப்பு வலியை எவனோ ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்க வேண்டாம். நமக்குக் கடிதம் போதும்.

எக்ஸ்ரே அறையில் வேலை அப்படியேதான் போகிறது. நேற்று ஒரு பெரிய உடம்புக்காரரை மேசைமேல் புரட்டிப் படுக்க வைத்ததில் சுளீரென்று பிடித்துக்கொண்டது. இன்னும் ஒரு வருஷம்தான், பிறகு வேலையை விட்டுவிடுவேன்.

அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். திட்டாதே. உன் அத்தான் போனபோது வந்த பணத்தில் முக்கால்வாசியை அந்தக் குளிர்பெட்டிக் கம்பெனிப் பங்கில் போட்டிருக்கிறேன். சொன்னால் ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்வாய் என்று இரண்டு வருஷமாக மறைத்துவிட்டேன். இப்போது எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் (அவரும் அதில் போட்டிருக்கிறார்) "அக்கா, என்னமோ சரியில்ல, பெரிய ஆளுங்க எல்லாம் விக்கிறாங்க" என்று பயமுறுத்துகிறார். நான் சும்மா இருப்பேனா? கம்பெனிக்கே எழுதிக் கேட்டேன். முதலீட்டாளர் தொடர்பு அதிகாரி கையெழுத்துப் போட்டுப் பதில் அனுப்பியிருக்கிறார், பிப்ரவரி 27 தேதியிட்டு: "வியாபாரம் வழக்கம்போல் நடைபெறுகிறது. தாங்கள் கவலைப்படத் தேவையில்லை." ரொம்ப மரியாதையான கடிதம்.

இருந்தாலும் மனசு ஒரு நிலையில் இல்லை. உனக்குத் தெரியாத கம்பெனியா? எப்படி இருக்கிறது என்று ஒரே ஒரு வரி எழுது.

உன் அக்கா

*

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. இடுப்புக்கு எலும்பு டாக்டரைப் பார்த்தாயா? ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்த்துக்கொண்டு டாக்டரிடம் போகாத ஒரே ஆள் நீதான். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி இருபது நிமிஷம் வை, நேராகத் தோலில் வைக்காதே. எதையும் குனிந்து தூக்காதே. முழங்காலை மடக்கி உட்கார்ந்து தூக்கு. ஆள் புரட்டுகிற வேலைக்கு இன்னொருவரைக் கூப்பிடு. கூப்பிட்டால் உன் கௌரவம் ஒன்றும் குறைந்துபோகாது.

வாண்டுக்கு முன்பல் ஆடுகிறது. நாக்கால் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கிறாள், பார்க்கிற நமக்குத்தான் கூசுகிறது.

அக்கா, எந்தக் கம்பெனியைப் பற்றியும் என்னிடம் கேட்காதே. குளிர்பெட்டி, சோப்பு, செருப்பு, எதுவானாலும் என் பதில் இதுதான். இதை வைத்து நீ எதையும் ஊகிக்கவும் கூடாது.

உன் தம்பி

*

மார்ச் 11

சின்னவனுக்கு,

வெந்நீர்ப் பைக்கு அரைப் பக்கம், என் பணத்துக்கு மூன்று வரி. நல்ல தம்பி போ!

விலை தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. ஒரேயடியாக விழுந்தாலாவது விற்றுத் தொலைக்கலாம். படம் எடுக்கிற இடைவெளியில் போனை எடுத்துப் பார்க்கிறேன், வைக்கிறேன், மறுபடி எடுக்கிறேன். நேற்று ஒருவருக்கு இடது முழங்கால் எடுக்கச் சொன்னால் வலது எடுத்து வைத்திருக்கிறேன். பதினேழு வருஷத்தில் இப்படி ஆனதே இல்லை.

உன்னால் எழுத முடியாது, சரி. எழுதாதே. விற்க வேண்டுமென்றால் உறைக்குள் வெறும் வெள்ளைத் தாளை வைத்து அனுப்பு. வேண்டாமென்றால் வழக்கம்போல் வாண்டுவின் பல்லைப் பற்றி எழுது. வெள்ளைத் தாளுக்காக யார் உன்னைக் கேள்வி கேட்கப்போகிறார்கள்?

நீ சின்னப் பையனாக இருந்தபோது சைக்கிளை மோதிவிட்டு வந்தாய். அப்பா கேட்டதற்கு நான்தான் மோதினேன் என்று சொன்னேன். சொல்லிக்காட்டுகிறேன் என்று நினைத்துக்கொள். சொல்லித்தான் காட்டுகிறேன்.

உடனே அனுப்பு.

உன் அக்கா

*

மார்ச் 23

நீ எதையும் அனுப்பவில்லை. எதுவும் வராதபோது எதையும் செய்ய வேண்டாம் என்றுதானே எடுத்துக்கொள்வேன்? அப்படியே வைத்திருந்தேன்.

நேற்று அறிவிப்பு வந்தது உனக்குத் தெரிந்திருக்கும். பெட்டியின் மோட்டார் எரிந்துபோகிறதாம். மொத்தமாக வாங்கிக்கொண்டிருந்த பெரிய கடைக்காரர்கள் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பி, இனி வேண்டாம் என்றுவிட்டார்களாம். காலையில் விற்கலாம் என்று பார்த்தால் வாங்க நாதியில்லை. மருந்துக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். நான் போனதற்கு, "ஒண்ணும் பேசாதீங்கக்கா" என்றார்.

இன்றைக்குப் பேப்பரில் இன்னொன்றும் வந்திருக்கிறது. பிப்ரவரி 25ஆம் தேதியே பெரிய நிதி நிறுவனக்காரர்கள் பன்னிரண்டு பேரை ஹோட்டலுக்குக் கூப்பிட்டு, மத்தியானச் சாப்பாடு போட்டு, இதையெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் போய் விற்றிருக்கிறார்கள். இரண்டு நாள் கழித்து எனக்குக் 'கவலைப்படத் தேவையில்லை' என்று எழுதியிருக்கிறான் பாவி!

ஒரு வருஷம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இனி ஆறு வருஷமாவது மேசையில் ஆள் புரட்ட வேண்டும்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். உனக்கு எப்போது தெரியும்? பொய் எழுதாதே.

அக்கா

*

மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

மார்ச் 4. உன் முதல் கடிதம் வருவதற்கு முந்தின நாள். அந்தச் சாப்பாட்டில் இருந்த ஒருவர் பெயர் போடாமல் எங்களுக்கு எழுதியிருந்தார். பதினெட்டு நாள் எனக்குத் தெரிந்திருந்தது.

உன் கடிதத்தைப் படித்ததும் அதை எடுத்துக்கொண்டு எங்கள் அதிகாரியிடம் ஓடினேன். என் அக்கா அதில் பணம் போட்டிருக்கிறாள், கோப்பை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றேன். "படிவத்துல மனைவி, பிள்ளைங்க, அப்பா அம்மாதான் இருக்கு. கூடப்பிறந்தவங்க இல்ல. வாயை மூடிட்டு வேலையைப் பாருங்க" என்றார். வேலையைப் பார்த்தேன். கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பினோம். பத்து நாள் அவகாசம் கேட்டார்கள், கொடுத்தார்கள். இன்னும் ஐந்து நாள் கேட்டார்கள், அதையும் கொடுத்தார்கள். உடனே எல்லோருக்கும் சொல்ல வையுங்கள் என்று தினமும் குறிப்பு எழுதினேன். வீட்டில் இவள், "கால் வலிக்கலையா உங்களுக்கு? கொஞ்ச நேரம் உக்காருங்களேன்" என்று சொல்லும் அளவுக்குக் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

உன் வெள்ளைத் தாள் யோசனை என்னைக் கொன்றுவிட்டது, அக்கா. வெள்ளைத் தாள் அனுப்பினால் நான் அந்தப் பன்னிரண்டு பேரோடு சாப்பிட்டவன் ஆவேன். பல்லைப் பற்றி எழுதினால் உன்னிடம் பொய் சொன்னவன் ஆவேன். ஒருநாள் உறையில் வெறும் தாளை வைத்து ஒட்டி, விலாசம் எழுதி, தபால்பெட்டி வரை போனேன். போடவில்லை. கிழித்து ஆபீஸ் குப்பைக்கூடையில் போட்டேன். அன்றைக்கே பல் விழுந்தது. அதைக்கூட உனக்கு எழுத முடியவில்லை.

மறுபடி நடந்தாலும் போட மாட்டேன். நீ வருஷக்கணக்கில் ஆள் புரட்டப்போவதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. இரண்டும் உண்மைதான்.

புகார் கொடுக்க உனக்கு உரிமை உண்டு. கொடு என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லக்கூடாது. கொடுத்தால் அன்றைக்கே இந்தக் கோப்பு என் கையை விட்டுப் போகும், உன்னிடம் ஏதாவது சொன்னேனா என்று என்னையும் விசாரிப்பார்கள். எனக்காகப் பார்த்து நீ எதையும் விட்டுவிடாதே.

மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை.

உன் தம்பி

*

ஏப்ரல் 6

சின்னவனுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் உன்மேல் அப்படி ஒரு ஆத்திரம். எனக்குத் தம்பியே இல்லை என்று மருந்துக்கடையில் நின்று சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். அவர் பாவம், இருமல் மருந்தை எடுத்துக் கொடுத்தார்.

நானும் வாய்மூடி வேலைதான் பார்க்கிறேன். படத்தில் எல்லாம் தெரியும். "சிஸ்டர், ஏதாவது இருக்கா?" என்று கேட்பார்கள். "டாக்டர் சொல்வார்" என்பேன். போன மாதம் பக்கத்து வீட்டம்மா வந்தார்கள், அவர்களிடமும் அதையேதான் சொன்னேன். அதனால் நீ சொல்லாததை என்னால் புரிந்துகொள்ள முடியும். ஆனால் எங்கள் டாக்டர் ஒரு மணி நேரத்தில் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறார். நோயாளியை வெளியே உட்கார வைத்துவிட்டுப் பன்னிரண்டு பேருக்குச் சாப்பாடு போட்டு அவருடைய நுரையீரலைக் காட்டுவதில்லை. அதற்குப் பிறகு பதினைந்து நாள் அவகாசமும் கொடுப்பதில்லை. உங்கள் ஆபீஸில் அவகாசம் கொடுத்தவர் யாரோ, அவரிடம் இதைப் போய்ச் சொல்.

அப்புறம் மூன்றாம் தேதி பேப்பரில் கம்பெனியின் விளக்கத்தைப் படித்தேன். "சிறு முதலீட்டாளர் எவரும் எங்களிடம் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் மறைத்திருக்க மாட்டோம்." எனக்கு வந்த கோபத்தில் எக்ஸ்ரே தட்டைத் தலைகீழாக மாட்டிவிட்டேன். என் பீரோவில் அவர்கள் கையெழுத்துப் போட்ட காகிதம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு உனக்காகப் பார்த்துச் சும்மா இருந்தால் நான் மனுஷியே இல்லை.

நேற்று லீவு போட்டுவிட்டு, இங்கே இருக்கிற உங்கள் கிளை ஆபீசுக்குப் போய்ப் புகார் கொடுத்துவிட்டேன். மருந்துக்கடைக்காரரும் கூட வந்து கையெழுத்துப் போட்டார். கவுண்டரில் இருந்தவர் நல்ல மனுஷர். பதினான்காவது கேள்வி வந்ததும் பேனாவைப் பிடித்து நிறுத்தினார். ஆணையத்தில் வேலை செய்கிற உறவினர் உண்டா என்று அதில் கேட்டிருந்தது. "இல்லைன்னு போட்டுடுங்கம்மா. உண்டுன்னு போட்டா முதல்ல அவரைத்தான் போட்டு வறுத்தெடுப்பாங்க" என்றார். நான் கூடுதலாக ஒரு தாள் கேட்டு வாங்கினேன்.

விசாரணை தொடங்கிவிட்டால் அது முடியும்வரை நீயும் நானும் எழுதிக்கொள்ளவும் கூடாதாம், பேசவும் கூடாதாம். ஆறு மாதமும் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாமாம். அதனால்தான் இன்றைக்கே எழுதிவிடுகிறேன். உன்மேல் கோபம் இன்னும் இருக்கிறது. வாண்டுக்குப் புதுப் பல் முளைத்ததும் ஒரு போட்டோ எடுத்து வை, பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

பதினான்காவது கேள்விக்கு நான் எழுதிக் கொடுத்ததை உனக்காக அப்படியே பார்த்து எழுதுகிறேன்:

"உண்டு. கண்காணிப்புப் பிரிவில் என் உடன்பிறந்த தம்பி. இந்தச் செய்தி மார்ச் 4 முதல் அவனுக்குத் தெரியும். நான் இரண்டு முறை எழுதிக் கேட்டேன், இரண்டாவது முறை கெஞ்சிக் கேட்டேன். அவன் சொல்லவில்லை. அவன் எனக்கு எழுதிய கடிதங்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். எனக்கே சொல்லாதவன் வேறு யாருக்கும் சொல்லியிருக்க மாட்டான் என்பதற்கு நான் சாட்சி."

உன் அக்கா