சந்தனமாரி அக்காவின் டம்ளர்

பர்மிங்காம்,
8-11-1977

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம். நான் சுகம். மணல்மேடு ஏறிக் கோயிலுக்குப் போகுமளவுக்கு உங்கள் மூட்டுவலி குறைந்ததா?

இங்கே சமூகப் பணி படிக்கிறவர்களுக்கு, வேற்று இனத்தார் வீடுகளில் எப்படிப் பழகுவது என்று பாடம் நடத்துகிறேன். போன வாரம் நான் வீட்டுக்காரியாகவும், மார்கரெட் என்ற மாணவி விசாரிக்க வந்தவளாகவும் நடித்தோம். விசாரிக்கப் போகிற வீட்டில் எதுவும் வாங்கிக் குடிக்கக் கூடாது என்ற விதிப்படி, நான் கொடுத்த டீயை அவள் மறுத்துவிட்டாள். நானும் வாயே திறக்கவில்லை. ‘ஒத்துழைக்காதவள்’ என்று எழுதிக்கொண்டாள்.

“ஏளா, ஒரு மடக்கு குடிக்காதவகிட்ட என்னத்தப் பேச?” என்று நீங்கள் வழக்கமாகக் கேட்பதை வகுப்பில் சொன்னேன். நேற்று ஒரு குஜராத்தி வீட்டில் மார்கரெட் இரண்டு கப் டீ குடித்தாளாம். அந்த அம்மாள் மனம்விட்டுப் பேசினாளாம்.

வந்து சொன்னவள், “உங்கள் ஊரில் எல்லோரும் எல்லோர் வீட்டிலும் குடிப்பார்களா?” என்று கேட்டாள். முற்றம் பெருக்க வரும் சந்தனமாரி அக்காவுக்கென்று நம் கொல்லைச் சுவரில் தனியாகக் கவிழ்த்திருக்கும் டம்ளர் நினைவுக்கு வந்தது. பிறகு சொல்கிறேன் என்றேன்.

மாசிக் கருவாட்டுத் துண்டு கொஞ்சம் அனுப்புங்கள். தனியாகச் சாப்பிடுகிறவளுக்கு அது துணையாக இருக்கும்.

தபால் எடுக்க ஆள் வரும் நேரம். ஒன்றே ஒன்று: அக்காவுக்கு இனி நம் டம்ளரிலேயே காப்பி கொடுங்கள், நீங்களும் கூடவே உட்கார்ந்து குடியுங்கள். குடித்ததும் எழுதுங்கள். மார்கரெட்டுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

உங்கள் மகள்
கிளாடிஸ்