பித்தான் இல்லாத சட்டை

ஒசூர்
19-3-1995

அன்புள்ள மகன் முனிராஜுக்கு,

அப்பா கரியப்பன் எழுதுவது. பம்பாயில் நீ நல்லபடியாக இருப்பதாக நாங்களே முடிவு செய்துகொண்டோம். போன மாதம் நீ போட்ட கார்டில் அதைச் சொல்ல இடமில்லை போலிருக்கிறது. இங்கே நான், உன் அம்மா, எருமை மூவரும் இருக்கிறோம். மூவரில் முழு சௌக்கியம் எருமைதான்.

முதலில் என் மானம் போன கதை. ஊரார் சொல்லி நீ கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது. தேர்த் திருவிழாவுக்கு, நீ விட்டுப்போன கறுப்பு பனியனை மாட்டிக்கொண்டு மலைக்கோயிலுக்குப் போய்விட்டேன். வீட்டில் பித்தான் இல்லாத சட்டை அது ஒன்றுதான். முன்பக்கம் வெறும் கறுப்பு. முதுகில் மண்டை ஓடும், அதன் வாயில் பாம்பும் இருப்பது போட்டவன் கண்ணுக்கு எப்படித் தெரியும்? பின்னால் நின்ற குழந்தை வீரிட்டு அழுதது. எல்லாரும் விலகி விலகி நின்றார்கள். அடடா, கரியப்பனுக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் முன்னால் போய்க்கொண்டே இருந்தேன். உன் அம்மாதான் ஓடி வந்து முந்தானையால் என் முதுகை மூடினாள். அர்ச்சகர் மட்டும் சிரித்துவிட்டு, நம்ம சாமியும் இதைத்தானே மாட்டிக்கொண்டு இருக்கிறார் என்று சொல்லித் திருநீறு கொடுத்தார்.

பித்தான் இல்லாத சட்டை எதற்கு என்று கேட்பாய். தை மாதம் கம்பெனியில் தகடு அழுத்துகிற பிரஸ் மெஷின் என் வலது கையில் நடு விரல், மோதிர விரல் இரண்டின் நுனியையும் எடுத்துக்கொண்டது. பயப்படாதே, ஆறிவிட்டது. உன் மனசு கஷ்டப்படும் என்று போன கடிதத்தில் எழுதவில்லை. பித்தான் போடத்தான் வரமாட்டேன் என்கிறது. உன் அம்மா போட்டுவிட வந்தால் எனக்கு ரோஷம் வந்துவிடுகிறது. இந்த எழுத்து கோழி கிளறின மாதிரி இருப்பதும் அதனால்தான். முன்னால் மட்டும் முத்து முத்தாக இருந்ததா என்று கேட்காதே.

அந்த மெஷின், இரண்டு கையாலும் இரண்டு சுவிட்சை அமுக்கினால்தான் இறங்கும். கை உள்ளே போகக்கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். நாங்கள் புத்திசாலிகள் ஆயிற்றே! ஒரு சுவிட்சின் சந்தில் பழைய வாஷரைச் செருகி, அமுங்கினபடியே வைத்துவிட்டு, மிச்சமான கையால் தகட்டைத் தள்ளுவோம். பிரஸ் ஷாப்பில் எல்லாருமே அப்படித்தான். வேலை வேகமாக ஓடும். அன்றைக்கும் வேகமாகத்தான் ஓடியது.

இப்போது வேலை விஷயம். என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டு என் இடத்துக்கு உன்னை எடுத்துக்கொள்வதாகக் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். சித்திரை பிறப்பதற்குள் நீ ஐ.டி.ஐ. சர்டிபிகேட்டோடு நேரில் வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் அந்த மெஷின் வேறு ஆளுக்குப் போய்விடும். இதைப் போன கடிதத்திலேயே எழுதினேன். பாண்டு கோஷ்டியை விட்டு வர முடியாது என்று ஒரே வரி போட்டாய். கிடாருக்கு நாள் முழுக்க, எங்களுக்கு ஒரு வரி!

வேலையில்லாத மனுஷன் என்ன செய்வான்? உன் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பாகலூர் ரோட்டில் கேசட் கடை வைத்திருக்கிற கங்கப்பன், உன் இங்கிலீஷ் பத்திரிகைகளைத் தமிழும் கன்னடமும் கலந்து எனக்குப் படித்துச் சொன்னார். கேசட்டுகளை ஸ்டோரில் சரக்கு அடுக்குகிற மாதிரி வருஷ வரிசையில் அடுக்கினேன். அடுக்க அடுக்க எரிச்சல்தான் வந்தது. ஒவ்வொரு குழுவிலும் பாடுகிறவன் சண்டை போட்டுக்கொண்டு போகிறான். புது ஆள் வருகிறான். கொஞ்ச நாளில் பழையவனே திரும்பி வருகிறான். டிரம் அடிக்கிறவன் நம்ம காண்ட்ராக்ட் ஆள் மாதிரி எங்கேயுமே நிலைப்பதில்லை. ஒரே பேரை வைத்துக்கொண்டு இரண்டு குழு ஊர் சுற்றினதும் உண்டாம். பேயைக் கூப்பிடுகிற மாதிரி கத்துகிறார்கள், நடுவில் தாலாட்டு மாதிரி ஒன்று பாடுகிறார்கள். முரட்டுப் பாட்டு, உதட்டில் சாயம். இதற்காகவா எங்களை விட்டுப் போனாய்?

ஒன்றைக் கேட்டுத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஹெவி மெட்டல் என்கிற இந்தக் கனத்த சத்தம் கிளம்பின இடம் சீமையில் பர்மிங்காமாம். தகடு, பிரஸ், கார் பாகம், புகை. நம்ம சிப்காட்டுக்குப் பெரியப்பன் மாதிரி ஊர். அங்கே தகடு கம்பெனியில் ஒரு கிடார்க்காரப் பையன் வேலை பார்த்திருக்கிறான். ஒரு நாள் வேறு ஆள் வரவில்லை என்று அந்த ஆளுடைய மெஷினில் இவனை நிறுத்தினார்களாம். வலது கையில் நடு விரல், மோதிர விரல் நுனி போய்விட்டது. இடக்கைக்காரன், தந்தியை அழுத்துகிற கையே அதுதான். கங்கப்பன் பத்திரிகையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், மேலே படிக்கவில்லை. நான்தான் படிக்கச் சொன்னேன். பையன் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு மூடி செய்து மாட்டிக்கொண்டு, தந்தியைத் தளர்த்தி வாசித்தானாம். எனக்கும் அப்படி ஒரு மூடி செய்யலாம் என்கிறார் கங்கப்பன். பித்தான் போட உதவினால் போதும், கச்சேரிக்கு அழைக்காதீர்கள் என்றேன்.

விரல் போனவன் உலகம் சுற்றினான். நீ பத்து விரலும் வைத்துக்கொண்டு அங்கே அடுத்தவன் ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்குகிறாய் என்று கேள்வி. கோபம் வராதா எனக்கு? என் விரல் நுனியைக் கொடுத்து வாங்கின இடம் இங்கே காலியாக நிற்கிறது.

உன் அம்மா எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். உடனே புறப்பட்டு வரச் சொல்லி எழுதச் சொல்கிறாள். என் டிபன் கேரியரை உனக்காகப் புளி போட்டுத் துலக்கி வைத்திருக்கிறாள். மலைச்சாமி உனக்குத் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும் அப்பா
கரியப்பன்

முனிராஜ், மேலே உள்ளதை எல்லாம் உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு எருமைக்குத் தண்ணீர் காட்டப் போயிருக்கிறாள். இனி எழுதுவது அவளுக்கு வாசிக்காதது.

அந்தப் பர்மிங்காம் பையனுக்கு, விரல் போன அன்றைக்குத்தான் கடைசி நாள் வேலையாம். மத்தியானம் சாப்பிட வந்தவன், இனிமேல் போகப்போவதில்லை என்றானாம். பாதியில் விடக்கூடாது, ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பினது அவன் அம்மா. பாவம், நல்லதற்குத்தான் சொல்லியிருப்பாள்.

போன வாரம் கம்பெனிக்குப் போனபோது என் மெஷினைப் பார்த்தேன். வாஷர் அதே சுவிட்சில்தான் இருக்கிறது.

இனி ரோஷம் பார்க்காமல் பித்தானை உன் அம்மாவையே போடச் சொல்லிக்கொள்கிறேன். நீ உன் விரலைப் பார்த்துக்கொள்.