பெயரை மாற்றினாய், வெண்டைக்காய்க் கடையை மாற்றவில்லை

அன்பு மகள் சினெலோவுக்கு அம்மா எழுதுவது. நான் இருக்கிறேன், முழங்கால் வலியும் சௌக்கியமாக என்னோடு இருக்கிறது. உன் சுகத்தை விசாரிக்க இன்று மனம் வரவில்லை, இருந்தாலும் கேட்கிறேன், குளிருக்குக் காலுறை போட்டுக்கொள்கிறாயா? அண்ணன் குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது, வள்ளிக்கிழங்கு இந்த வருடம் நல்ல விளைச்சல். போனில் பேசினால் கத்திவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

உன் நாவலை நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாடமாக வைத்துவிட்டார்கள். பெண்கள் கூடினால் நாடு முன்னேறும் என்பதற்கு இதுதான் சாட்சி என்று தலைமையாசிரியர் மேடையில் சொன்னார். எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராதே, என்ன எழுதியிருக்கிறாய் என்று தெரியாமலே தலையில் புதுத் துணி கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். அன்று மாலையே, வெண்டைக்காய் விற்கும் என் தோழி அடாகுவுக்கு அவள் மகள் அதை வாசித்துக் காட்டியிருக்கிறாள். பிரசவ ஆஸ்பத்திரிக்கு நிலம் கேட்டு ஊர்த்தலைவர் வாசலில் மூன்று நாள் உட்கார்ந்து எங்கள் சந்தைப் பெண்கள் சங்கம் வசைப்பாட்டுப் பாடியதும், உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு நான் செங்கல் சுமந்ததும் அதில் இருக்கிறதாம். நாங்கள் வரப்போவதைத் தலைவரிடம் முன்கூட்டியே சொன்னவள் எங்களில் ஒருத்தி என்பதும் இருக்கிறது. பெயரை மாற்றினாய், வெண்டைக்காய்க் கடையையும் நெற்றித் தழும்பையும் மாற்றவில்லை. புருஷன் அடிக்குப் பயந்து சொன்னாள் என்பதை மட்டும் விட்டுவிட்டாய். முப்பது வருடத்துக்கு முன் அடாகு என்னிடம் மட்டும் அழுது சொன்னது அது. காய்ச்சலில் கிடந்தபோது, என் மகள்தானே என்று உன்னிடம் சொன்னேன். என் கழுத்தை அறுத்துவிட்டாய் சினெலோ.

அடாகு சங்கக் கூட்டத்தில் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டாள், என்னிடம் மட்டும் சொன்னதையும் சேர்த்து. பிறகு சந்தைப் பெண்கள் பனையோலையும் உலக்கையுமாக வசைப்பாட்டுப் பாடக் கிளம்பினார்கள். அவள் வீட்டுக்குத்தான் என்று நான் பதறினேன், என் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். சங்கத் தலைவி என்னைப் பார்த்து, "அவ அடிக்குப் பயந்து சொன்னா. உன்னை யாருடி அடிச்சா, நீ ஏன் சொன்னே?" என்று கேட்டாள். அன்று ஊர்த்தலைவர்மேல் நான் கட்டிய பாட்டையே என் பெயரைப் போட்டுப் பாடினார்கள்.

டிசம்பரில் பள்ளிக்கூடத்தில் பேச வருகிறாயாம். மேடைக்குப் போகாதே, என் வீட்டுக்கும் வராதே, முதலில் அடாகு வாசலுக்குப் போ. அவள் கதவைத் திறக்கும்வரை உட்கார். நானும் பக்கத்தில் உட்காருகிறேன், தப்பு எனக்கும் உண்டு. அந்த ஆஸ்பத்திரியில் பிறந்த முதல் குழந்தை நீ. நர்ஸ் வருவதற்குள் நீ வந்துவிட்டாய், உன்னைக் கையில் ஏந்தியவள் அடாகுதான். அது புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அண்ணனைத் தேடச் சொன்னேன். இரண்டு தடவை தேடிவிட்டு இல்லை என்றான்.

கடவுள் உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும். காலுறையை மறந்துவிடாதே.

உன் அம்மா,
ஒபியானுஜு