பித்தளையில் பூத்த பச்சை

கையெல்லாம் பச்சை முட்டை வாடை. ஆஸ்பத்திரிக் குழாயடிக்குப் போய்க் கழுவலாம். பெஞ்சை விட்டு எழுந்திருக்கவே பயமாக இருக்கிறது. உள்ளே என் மகள் வாந்தி எடுத்து மயங்கிக் கிடக்கிறாள். பித்தளைப் பாத்திரத்தில் மிஞ்சியிருந்த நேற்றைய புளிக்குழம்பைக் காலையில் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறாள். ஈயப் பூச்சு தேய்ந்த அடியில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. அந்தப் பச்சை எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். நீதான் இப்போது இல்லை.

சுதந்திரம் வந்த வருஷம், பெங்களூர் அல்சூரில் ஒரே ஆபீஸில் வேலை பார்த்த நாம் இருவரும் ஒரே அறையில் பொங்கித் தின்றோம். நம் பாத்திரத்திலும் களிம்பு ஏறியிருந்தது. தெருவில் போன கலாய்க்காரரைக் கூப்பிட்டு ஈயம் பூசச் சொல் என்றேன். நீயோ சொல்லைப் பிடித்துக்கொண்டாய். களி என்றால் குழைவு, சேறு; குழைவாய்ப் படிவதால் களிம்பு; புண்ணுக்குத் தடவும் மருந்துக்கும் அதனால்தான் அந்தப் பெயர் என்றாய். "அழுக்கு வெளியில இருந்து வந்து ஒட்டுறதுடா. களிம்பு, செம்பு தானே கக்குறது." நீ முடிப்பதற்குள் கலாய்க்காரர் தெருவைத் தாண்டிவிட்டார்.

மறுநாள் அந்தப் பாத்திரத்து ரசத்தைக் குடித்துச் சுருண்டு விழுந்தேன். பக்கத்து வீட்டுக் கம்பவுண்டர் சொன்னபடி, பிறந்ததிலிருந்து தொடாத முட்டையை வாங்கிவந்து, முகத்தைச் சுளித்து உடைத்து, விஷம் முறிய வெள்ளைக்கருவைப் பாலில் அடித்துக் கொடுத்தாய். வாயை இறுக்கி மூடினேன். "பேஜார் பண்ணாம குடிடா. பொழச்சு எழுந்து சைவமா இரு."

பிழைத்தேன். ஆபீஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்தாய். 'முட்டை முதலியார்' என்று பெயர் விழுந்தது. எனக்குப் பேசி வைத்திருந்த பெண் வீடு சுத்த சைவம்; அங்கேயும் அது எட்டி, சம்பந்தம் முறிந்தது. அன்றோடு உன்னிடம் பேச்சை நிறுத்தினேன். நீ செத்தபோதும் வரவில்லை. நீ ஊரெல்லாம் சொல்லிச் சிரித்ததை மன்னிக்க இன்றும் மனமில்லை.

ஆனால் காலையில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்ததும் என் கால்கள் முட்டைக் கடைக்குத்தான் ஓடின. உடைக்கத் தெரியாமல் பாதி கையில் வழிந்தது. அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

"பேஜார் பண்ணாம குடிம்மா" என்றேன். குரல் உன்னுடையது போலவே இருந்தது. குடித்தாள்.

டாக்டர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. கதவு அசையும்போதெல்லாம் எழுந்து நிற்கிறேன். குழாய் பக்கத்தில்தான் இருக்கிறது. அவள் கண் திறக்கும் வரை இந்தக் கையைக் கழுவப் போவதில்லை.