இந்த ஈஸ்டருக்குக் கோழி யார்

பர்மா, 1968

ஏப்ரல் 7, ஞாயிறு. குருத்தோலை.

விடியும்போதே வெக்கை. ஆற்றுப் பக்கமிருந்து காற்று இல்லை. பூசைக்குத் தனியாகப் போய்வந்தேன்.

வீட்டுக்காரி ஞானத்துக்கு ஓர் ஓலை கொண்டுவந்தேன். முன்பெல்லாம் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் சிலுவை மடித்துக் கொடுப்பாள். இன்று இடது கையால் முயன்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். வரவில்லை. ஓலையை அப்படியே தலையணைக்குக் கீழே வைத்துவிட்டாள்.

கோவில் வாசலில் லூர்து டீச்சர் பிடித்துக்கொண்டார். பாட்டுக் குழுவை நடத்துகிறவர். நல்ல மனுஷி, சுற்றி வளைக்கத் தெரியாது.

"சூசை அண்ணே, ஈஸ்டர் படம் உண்டுதானே?"

"உண்டு."

"முயலு நீங்க. கோழி யாரு?"

கையிலிருந்த ஓலையைப் பார்த்தேன்.

"அக்கா வந்தா அக்காதான், அதுல பேச்சே இல்ல. வர முடியாதுன்னா நம்ம ஸ்டெல்லா பாடம் பண்ணி வச்சிருக்கா. சனிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க."

சரி என்றேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

வாங்க வேண்டியவை: விளக்கெண்ணெய், சோப்பு, ஞா.வுக்கு மெத்தென்ற செருப்பு.

ஏப்ரல் 9, செவ்வாய்

அதே வெக்கை. நான் செய்தி எழுதிய பத்திரிகையை மூடிவிட்ட பிறகு போட்டாதாங் துறைமுகக் கிட்டங்கியில் மூட்டைகளுக்கு அடையாளம் எழுதும் வேலை. இன்று கப்பல் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன்.

படத்தைப் பற்றி எங்கும் எழுதி வைத்ததில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

அமெரிக்காவில் வருஷா வருஷம் ஈஸ்டருக்கு டெலிவிஷனில் போடும் பொம்மைப் படமாம். இங்கே டெலிவிஷனைக் கண்ணால் கண்டவர் யாரும் இல்லை. வெள்ளைக்காரச் சாமியார் கொண்டுவந்து, பிறகு ஊருக்குத் திரும்பும்போது நமக்கு விட்டுப்போன சுருள். அரை மணிக்குக் கொஞ்சம் குறைவு. ப்ரொஜெக்டரில் படம் ஓடும், சத்தம் வராது. அதனால் முதல் வருஷத்திலிருந்து நானும் ஞா.வும் திரைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தமிழில் பேசுகிறோம். முயல் நான். கோழி அவள்.

படத்தில் இருப்பவை: முயல், கூடை, கோழி, முட்டைகள், வேலி, மழை, கடைசியில் ஒரு குஞ்சு. ஈஸ்டரில் முயலுக்கு என்ன வேலை என்று எங்களுக்குத் தெரியாது. முட்டையோடு ஓடுகிற முயல் திருடனாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். கேட்கிறான், கோழி தரவில்லை, திருடுகிறான், கோழி துரத்துகிறது. கடைசியில் மழையில் நனைந்து நிற்கிற திருடனுக்குக் கோழியே இரங்கி ஒரு முட்டையைக் கொடுக்கிறது. மன்னிப்பு. பெருநாளுக்குப் பொருத்தம்.

இரண்டாம் வருஷம் சாமியார் எங்கள் கதையை யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அவர்கள் நாட்டில் அது நல்ல முயலாம். முட்டைக்குச் சாயம் பூசிப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்குமாம். திருத்திவிடலாமா என்று ஞா.விடம் கேட்டேன்.

"கோழி இட்டதை எடுத்து முயலு தானம் பண்ணுமாக்கும்? திருடன்தான் அவன்" என்றாள்.

திருத்தவில்லை.

டிசம்பரில் வாதம் வந்து அவளுக்கு வலது பக்கம் விழுந்தது. காலில் பாதி பலம் திரும்பிவிட்டது. கையில் கொஞ்சம். தமிழ் திரும்பவில்லை. சொன்னால் எல்லாம் விளங்குகிறது, வாயில் வரவில்லை. வருவது சில பர்மியச் சொற்கள். பஜாரில் மீன்காரியிடமும் கீரைக்காரியிடமும் பேசிய சொற்கள். டாக்டர், "எது வருதோ வரட்டும், தடுக்காதீங்க" என்கிறார்.

கீரைக்காரியோடு பேசிய பாஷை தங்கிவிட்டது. என்னோடு பேசிய பாஷை போய்விட்டது. வருத்தம் என்று எழுதினால் சரியாக இராது. பொறாமை.

ஏப்ரல் 11, பெரிய வியாழன்

இன்று கேட்டுவிட்டேன். கஞ்சி கொடுத்து முடித்து, வாய் துடைத்துவிட்டு.

"ஞாயித்துக்கிழமை படம். வர்றியா?"

"மலோபூ."

வேண்டாம். மருந்துக்கும் இதே, நடைக்கும் இதே, வந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கும் இதே. அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுப் பர்மாக்காரி டோ மியா சாயங்காலம் தட்டோடு வந்தார். தண்ணீர்த் திருவிழாவுக்கு அவர்கள் செய்யும் வெல்லம் வைத்த மாவுருண்டை. காலடி கேட்டதும் ஞா. சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். டோ மியா வாசலிலேயே நின்றார்.

"ஊ சூசை, இத்தனை வருஷம் ஒன்றாக பஜாருக்குப் போனோம். வாய் கோணியிருந்தால் என்ன? என் புருஷனுக்குப் பிறவியிலேயே கோணல்."

மரியாதைக்கு 'ஊ' போட்டாலும், பர்மியத்தில் அவர் சொன்னது இன்னும் காரம். டோ மியா தட்டை என் கையில் கொடுத்தார். "ஒரு உருண்டையில் வெல்லத்துக்குப் பதில் மிளகாய். எதில் என்று சொல்லமாட்டேன்."

எனக்குத்தான் கிடைத்தது. வியாழக்கிழமை தவத்துக்கு நல்ல ஆரம்பம்.

ஏப்ரல் 12, பெரிய வெள்ளி

ஒருசந்தி, ஒரு வேளைதான் சாப்பாடு. கோவிலில் நெரிசல், இரண்டு பேர் மயக்கம். மூன்று மணிக்கு வீடு.

அடுப்படியில் உட்கார்ந்து முயல் பேச்சைச் சொல்லிப் பார்த்தேன். ஒரு வருஷ இடைவெளியில் மறந்துபோகிறது. குரலை மெல்லியதாக்கி, கெஞ்சி:

"அக்கா, ஒரே ஒரு முட்டை குடுங்க அக்கா."

அறைக்குள்ளிருந்து: "மபேபூ!"

தரமாட்டேன் என்று அர்த்தம். டிசம்பருக்குப் பிறகு இந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி சொன்னேன்.

"புள்ளக் குட்டிக்காரன் அக்கா. பாத்து குடுங்க."

"மபேபூ! துவா!"

போ என்கிறாள். எட்டிப் பார்த்தேன். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இடது கையை ஆட்டி விரட்டினாள். கட்டாத விலைக்குக் கேட்கிறவனைப் பஜாரில் மீன்காரி விரட்டுவது போல. நான் சிரித்தேன், அவளும். பெரிய வெள்ளிக்கிழமை சிரித்தது ஆண்டவருக்குத் தெரியும், ஏன் என்றும் தெரியும்.

"அப்ப வர்றியா?" என்றேன். அவசரப்பட்டுவிட்டேன்.

சிரிப்பு நின்றது. கோணிய உதட்டை விரலால் தொட்டுக் காட்டினாள். தலையை ஆட்டினாள்.

செய்தியாளனாக ஒன்று கற்றிருந்தேன்: கேள்வியைக் கேட்டபின் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இன்றும் அதைத்தான் செய்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 13, சனி

தண்ணீர்த் திருவிழா தொடங்கிவிட்டது. தெருவெல்லாம் வாளி, குழாய், கூச்சல். ஈஸ்டரும் இதுவும் சேர்ந்து வருகிற வருஷம். நாளைக்குப் புதுச் சட்டை போட்டவர்கள் பாடு கஷ்டம்.

ஆற்றுக்கு அக்கரை டாலாவிலிருந்து அந்தோணி வந்தான். சினிமாக் கொட்டகை ஆபரேட்டர், சுருளைப் பத்திரமாக வைத்திருப்பவன் அவன்தான். தொப்பலாக நனைந்திருந்தான். இடுப்பில் சோற்றுப் பானை, மூடியைத் துணியால் கட்டி.

"என்னடா இது?"

"படம், அண்ணே. ஆத்துலயும் ஊத்துறான், கரையிலயும் ஊத்துறான். பானைக்குள்ள போட்டுட்டேன். சோறுன்னு நினைச்சு விட்டுட்டான்."

பானையைத் திறந்தான். சுருள் எண்ணெய்த் துணிக்குள் காய்ந்தபடி இருந்தது. பிறகு அறை வாசலில் நின்று உள்ளே பேசினான், முகத்தைப் பார்க்காமல்.

"அக்கா, நாளைக்கு நீங்க வரலன்னா ஸ்டெல்லா பொண்ணு பேசுவா. நல்லாத்தான் பேசுவா. ஆனா அது ஸ்கூல் கோழி அக்கா. உங்களுது பஜார்க் கோழி."

பானையை மறுபடி கட்டிக்கொண்டு கோவில் பக்கம் போனான்.

டீச்சரிடம் இன்று சொல்லியாக வேண்டும். ஸ்டெல்லாவே பேசட்டும் என்று சொல்லிவிடக் கிளம்பினேன். சட்டைப் பொத்தான் போடும்போது ஞா. வந்து நின்றாள், சுவரைப் பிடித்துக்கொண்டு. என் சட்டை நுனியைப் பிடித்தாள். அலமாரியைக் காட்டினாள்.

திறந்தேன். மேல் தட்டு. அவளுடைய பட்டுக்கரைச் சேலை.

"இதா?"

தலையசைத்தாள். பிறகு வாயைக் காட்டினாள், கையை விரித்தாள். இதை வைத்துக்கொண்டு என்ன பேசுவேன் என்கிறாள்.

"நேத்து பேசினதே போதும்" என்றேன்.

டீச்சர் வீடு, ஐந்து மணி.

"கோழி வருது டீச்சர். ஆனா பர்மியத்துல பேசும்."

"கோவில் ஹால்லயா? ஈஸ்டருக்கா?"

"வர்றது அதுதான்."

"பெரியவங்க முணுமுணுப்பாங்க."

"ஆமா."

"முணுமுணுக்கட்டும். என்னைக்குத்தான் முணுமுணுக்கல. ஸ்டெல்லாவுக்கு நான் சொல்லிக்கிறேன். ஒரு பாட்டம் அழுவா, அப்புறம் முன் வரிசையில வந்து உக்காந்துக்குவா."

ஏப்ரல் 14, ஞாயிறு. ஈஸ்டர்.

காலைப் பூசை முடிந்தவுடன் படம். ஞா.வை மூன்று சக்கரச் சைக்காவில் உட்காரவைத்து, மேலே தார்ப்பாய் போர்த்தி, நான் பக்கத்தில் நடந்தேன். முனையில் வாளியோடு ஒரு கூட்டம். சைக்காக்காரர், "உடம்புக்கு முடியாத அம்மா" என்று கத்தினார். விட்டுவிட்டார்கள். எனக்கு மட்டும் இரண்டு வாளி.

ஹாலில் ஜன்னல்களுக்குக் கம்பளி கட்டியிருந்தார்கள். உள்ளே அடுப்புச் சூடு. பிள்ளைகள் தரையில், பெரியவர்கள் பெஞ்சில். ஞா. தலைப்பால் பாதி முகம் மூடி வந்தாள். யாரும் எழுந்து வந்து விசாரிக்கவில்லை. டீச்சர் முன்னமே சொல்லி வைத்திருக்க வேண்டும்.

விளக்கு அணைந்தது. இருட்டானதும் தலைப்பை இறக்கினாள். நான் கவனித்தேன்.

முயல் வந்தது. வேலி தாண்டியது. நான்: "அக்கா, ஒரே ஒரு முட்டை."

திரையில் கோழி வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. அவள் மூச்சு மட்டும் கேட்டது. என் கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்தது.

"மபேபூ!"

முதலில் ஒரு பிள்ளை சிரித்தது. பிறகு எல்லாம். அடுத்த முட்டைக்கு அவளுக்கு முன்பே பிள்ளைகள் கத்தின: "மபேபூ!" அவள் விடவில்லை, அவர்களையும் மிஞ்சிக் கத்தினாள். துரத்தும் இடத்தில், வருஷக்கணக்கில் மீன்காரிகளிடம் கேட்டுக் கற்றதையெல்லாம் எடுத்துவிட்டாள். எனக்கே பாதி விளங்கவில்லை. பிள்ளைகளுக்கு முழுக்க விளங்கியது. பின்னால் ஆண்கள் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "கோவில்ல பேசுற பேச்சா இது?" இன்னொரு குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு: "கோழிக்குக் கோவில் ஏதுய்யா."

இத்தனை வருஷமும் நாங்கள் தமிழில் பேசினோம். பிள்ளைகள் மரியாதையாக உட்கார்ந்து பார்த்தார்கள். வீட்டில் பர்மியம் பேசி வளர்கிற பிள்ளைகள். பாதிக்கு மேல் அவர்களுக்குப் புரிந்திருக்காது என்று இன்றுதான் எனக்குப் பட்டது.

கடைசி. மழை. நனைந்த முயல். கோழி தன் முட்டையை மூக்கால் தள்ளுகிறது. இங்கே கோழி பேச வேண்டும். ஒவ்வொரு வருஷமும் "எடுத்துக்க தம்பி" என்பாள்.

வரவில்லை. திட்டுவதற்கு வந்த வாயில் இது வரவில்லை. உதடு அசைந்தது. படம் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகளும் அடங்கிவிட்டார்கள். நான் அவளுக்குப் பதிலாகச் சொல்லிவிட வாயெடுத்தேன். இடது கையால் என் வாயைப் பொத்தினாள்.

முட்டை உருண்டு முயலின் காலடிக்கு வந்துவிட்டது. முயல் குனிந்துவிட்டது.

"யூ" என்றாள். எடு. பிறகு மெதுவாக, கெட்டியாக: "யூ பா."

எடுத்துக்கொள். அந்த 'பா' மரியாதைக்குச் சேர்ப்பது. திருடனுக்கும் சேர்த்தாள்.

ஜன்னல் கம்பளியை இறக்கியபோது அவள் முகத்தை மூடிக்கொள்ளவில்லை. ஸ்டெல்லா ஓடிவந்து, கண் சிவந்தபடி, "பெரியம்மா, அந்த ரெண்டாவது திட்டு எனக்குச் சொல்லிக்குடுங்க" என்றாள். டீச்சர் அவள் காதைத் திருகி இழுத்துக்கொண்டு போனார்.

ஏப்ரல் 15, திங்கள்

மேகம். இன்னும் மழை இல்லை. வேலை இல்லை, திருவிழா விடுமுறை.

ஞா. இரவு நன்றாகத் தூங்கினாள். காலையில் மருந்தை 'மலோபூ' சொல்லாமல் வாங்கிக்கொண்டாள். கால் மட்டும் வீங்கியிருக்கிறது, நேற்று நெடுநேரம் தொங்கப்போட்டு உட்கார்ந்ததால். வெந்நீர் ஒத்தடம்.

பத்து மணிக்கு டோ மியா கூப்பிட்டார். ஞா. தானே எழுந்து வாசல் வரை போனாள். இரண்டு பேரும் படியில் உட்கார்ந்தார்கள். டோ மியாவுக்குச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கிறது. ஞா. ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிச் சொன்னாள், டோ மியா காத்திருந்து கேட்டார், முடித்துக்கொடுக்கவில்லை. நான் உள்ளே இதை எழுதிக்கொண்டு காதை மட்டும் அங்கே வைத்திருந்தேன்.

அப்போது கூப்பிட்டாள்.

"கோ சூசை!"

பர்மாக்காரப் பெண்கள் புருஷனை இப்படித்தான் கூப்பிடுவார்கள், பேருக்கு முன்னால் 'கோ' வைத்து. நம் பெண்கள் புருஷன் பேரைச் சொல்லமாட்டார்கள். எங்கள் கல்யாணத்திலிருந்து நான் "இந்தாங்க", "கேட்டீங்களா", "உங்களத்தான்". என் பேரை அவள் வாயால் கேட்டதே இல்லை.

எழுந்து போகாமல் இதை எழுதிக்கொண்டிருந்தேன்.

மறுபடி, சத்தமாக, பஜாருக்குக் கேட்கும்படி: "கோ சூசை!"

போகிறேன்.